பொறைக்குப் பழக்கிய சைகை

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. அந்த மூலைக்கு ஃபேன் காற்று வராது, இப்படி நெருங்கி உட்காருங்கள். குழந்தையை மடியில் வைத்திருப்பவள் சுவரில் சாய்ந்துகொள்ளட்டும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு நாய்க்குட்டியின் கதை சொல்லப் போகிறேன். நாய்க்குட்டி என்றதுமே சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், சிரிக்கவும் இதில் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் முடியும்போது நிலவேம்புக் கஷாயம் மாதிரி அடிநாக்கில் கசப்பு நிற்கும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னிடம் சண்டைக்கு வரக்கூடாது.

ராயபுரத்தில், பெரிய சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரிகிற ஒரு சந்தில் சைமன் என்று ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவர். என்ன வேலை தெரியுமா? கப்பலின் மேல்தட்டில், சரக்கு இறக்கும் குழியின் விளிம்பில் நின்றுகொண்டு, உயரத்தில் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் கிரேன்காரருக்குக் கையால் சைகை காட்டுவது. தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் வா, நில். அந்த இரைச்சலில் வாய்ப்பேச்சு எடுபடாது. அவர் கை சொன்னால் இருபது டன் இரும்பு அசையும். கை சொன்னால் அந்தரத்தில் அப்படியே நிற்கும். அதனால் சந்தில் அவருக்கு ‘சிக்னல் சைமன்’ என்றே பெயர். ஓய்வு பெற்றபோது வலது காது முழுசாகவும் இடது காது பாதியாகவும் போயிருந்தன.

வேலையில் பேசிய கை வீட்டிலும் பேசியது. மகள் சாண்ட்ரா பள்ளியில் குடையைத் தொலைத்துவிட்டு வந்தால் கை. மாதா கோயிலில் பாட்டுப் பயிற்சி முடிந்து பத்து நிமிஷம் தாமதமாக வந்தால் இடுப்பு பெல்ட். அந்த நேரத்தில் மனைவி இருதயம்மாள் ஜன்னலைச் சாத்திவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். சாண்ட்ரா அழுது ஊரைக் கூட்டியதில்லை. எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. பிள்ளை வளர்த்தால் சைமன் மாதிரி வளர்க்க வேண்டும் என்று சந்தில் நாலு பேர் சொன்னார்கள். அதைக் கேட்டு அவரும் மீசையைத் தடவிக்கொண்டார்.

பிறகு சாண்ட்ரா ஜெரியைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு வள்ளூர் பக்கம் போனாள். இருதயம்மாள் செத்துப்போனாள். மூன்று வருஷம் சைமன் கடை இட்லியைத் தின்றுகொண்டு, டிவியை அலறவிட்டுக்கொண்டு, அதற்கும் காது கேட்காமல் தனியாகக் கிடந்தார்.

ஒரு மத்தியானம் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. சாண்ட்ரா இறங்கினாள். கூடவே அவள் மகள் அம்மு, ஏழு வயசு. இரண்டு பைகள்.

“ஜெரி அம்முவ அடிச்சிட்டான்ப்பா. ஒரே ஒரு அடிதான். அத்தோட கெளம்பி வந்துட்டேன்” என்றாள்.

சைமன் கதவை விரியத் திறந்தார். அவள் உள்ளே வரவில்லை. ஆட்டோவையும் அனுப்பவில்லை.

“எனக்குப் போக வேற எடம் இல்ல, அதான் இங்க வந்துகீறேன். உள்ள வர்றதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். இந்த வூட்ல இவ மேல ஒரு கை பட்டுச்சின்னா அன்னிக்கே போயிடுவேன். எங்க போவேன்னு எனக்கே தெரியாது. ஆனா போயிடுவேன்.”

அவள் யாரைச் சொல்கிறாள் என்பது சைமனுக்குத் தெரியாதா? மகள் இப்படி நிமிர்ந்து நின்று பேசி அவர் பார்த்ததே இல்லை. கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்த ஆட்டோ இவர்களை ஏற்றிக்கொண்டு திரும்பிப் போய்விடக்கூடாது என்ற ஒன்றுதான் அவருக்கு வேண்டியிருந்தது. “வா” என்று பைகளை எடுத்தார்.

சாண்ட்ராவுக்குப் பாரிமுனையில் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்ட் ஆபீஸில் வேலை. காலையில் பஸ் ஏறினால் பொழுது சாயத்தான் வருவாள். அம்மு பள்ளிவிட்டு வந்து தாத்தாவோடு இருக்க வேண்டும். மூன்று வாரம் ஆகியும் குழந்தை அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் தட்டில் சோறு போட்டு வைத்தால், அவர் முகம் திரும்பும்வரை காத்திருந்து கதவுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தின்னும்.

இந்தச் சமயத்தில்தான் நாய்க்குட்டி வந்தது. சாலையோரம் துறைமுக கேட் திறக்கக் காத்துக்கிடந்த ஒரு டிரெய்லர் லாரியின் அடியில் ஒண்டிக்கொண்டிருந்தது. செம்பட்டை நிறம், ஒரு காது மடிந்து ஒரு காது நிமிர்ந்து. டீக்கடையில் தொங்கும் பொறை ரொட்டி ஒன்றை வாங்கிப் போட்டு அம்மு அதை வீடுவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அதனால் பெயரும் பொறை.

சாண்ட்ரா முதலில் மாட்டேன் என்றாள். குழந்தையின் முகத்தில் வெகுநாளாகப் பார்க்காத சிரிப்பைப் பார்த்ததும் இறங்கி வந்தாள். ஆனால் அப்பாவை நேராகப் பார்த்துச் சொன்னாள்: “இதுக்கும் அதே சட்டம்தான். நாய் மேல கை ஓங்கினாலும் அவ பாத்துகினு இருப்பா. ரெண்டும் எனக்கு ஒண்ணுதான்.”

முதல் நாள் காலையிலேயே சோதனை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொள்ளத் தேய்த்து வைத்திருந்த வெள்ளைச் சட்டையின் மேல் ஏறி நின்று பொறை மூத்திரம் பெய்தது. சைமனின் கை தானாக மேலே போயிற்று. கதவோரம் அம்மு. அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். சைமன் அந்தக் கையைக் கீழே கொண்டுவந்து, தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். நம்புங்கள், கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சட்டை போனது போனதுதான்.

சாயங்காலம் சாண்ட்ரா தன் போனில் ஒரு வீடியோ காட்டினாள். நாய் பழக்குகிற ஒரு பெண் பேசினாள். குட்டி தப்பாகச் செய்தால் திட்டாதே, அடிக்காதே, பார்க்காத மாதிரி இரு. சரியாகச் செய்கிற அந்த நொடியைப் பிடி. ஒன்று, இரண்டு எண்ணுவதற்குள் வாயில் தின்பண்டம் போய்விட வேண்டும், கூடவே ஒரு நல்ல வார்த்தை. எதைச் செய்தால் நல்லது நடக்கிறதோ அதைத்தான் குட்டி திரும்பத் திரும்பச் செய்யும். தூங்கி எழுந்ததும், தின்று முடித்ததும் வெளியே தூக்கிக்கொண்டு போ, அங்கே மூத்திரம் போனால் கொஞ்சு. அவ்வளவுதான் பாடம்.

சைமனுக்குச் சிரிப்பு வந்தது. “இதுக்குப் பேரு பழக்கறதா? லஞ்சம்.”

“நீ சம்பளம் வாங்காமயா முப்பது வருசம் கப்பல் ஏறினே?” என்றாள் சாண்ட்ரா.

மறுநாள் அவரே காசிமேட்டுக்குப் போய்க் கானாங்கெளுத்தி வாங்கிவந்தார். உப்பில்லாமல் வேகவைத்து, முள்ளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிட்டு, பட்டாணி அளவுக்குப் பிய்த்து, இருதயம்மாளின் பழைய மாத்திரை டப்பாவில் அடைத்து இடுப்பில் செருகிக்கொண்டார். அடுத்த வீட்டு வேலப்பன் வேடிக்கை பார்க்க வந்து நின்றார். வேலப்பன் அந்தக் காலத்தில் கிரேன் ஓட்டியவர். சைமனின் கையைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த மனுஷன்.

சைமன் குட்டியை எதிரே நிறுத்தி, “உட்கார்” என்றார். அரைச் செவிடருக்கு மெதுவான குரல் ஏது? கப்பலின் மேலிருந்து கரைக்குக் கத்துகிற குரல்தான் வந்தது. பொறை கட்டிலுக்கு அடியில் பாய்ந்து, அங்கேயே ஒரு குட்டை கட்டிவிட்டது.

“மாமே, அந்தக் கொயந்த நாய்கிட்ட ஏன் மாமே சங்கு ஊதறே” என்று வேலப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கதவுக்குப் பின்னாலிருந்தும் ஒரு சின்னச் சிரிப்பு கேட்டது. சைமனின் பாதிக் காதுக்கும் அது கேட்டது.

குரல் ஆகாது என்று தெரிந்ததும் அவர் தனக்குத் தெரிந்த பாஷைக்குப் போனார். உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லத் தாழ்த்தினால், கப்பலில் சரக்கை இறக்கு என்று அர்த்தம். அதையே குட்டிக்கு உட்கார் என்று வைத்தார். விரித்த உள்ளங்கையை நேரே நீட்டினால் நில். கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, விரல்களை மடக்கி மடக்கி இழுத்தால் வா. முதல் நாள் ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் நாள் மீன் வாசனைக்குத் தலையைத் தூக்கித் தூக்கி, தூக்கிய கனத்தில் பின்புறம் தானாகத் தரையில் பட்டது. பட்ட நொடியில் மீன் துண்டு வாயில். பிறகு மறுபடி. குட்டி காலைக் கடித்தால் அவர் மரம்போல் நின்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். விட்டதும் திரும்பிப் பார்ப்பார். ஒரு வேளைக்குப் பத்துத் துண்டு, அதற்கு மேல் கிடையாது. இன்னும் வேண்டும் என்று அது ஏங்கும்போதே டப்பாவை மூடிவிடுவார். கப்பலில் ஒரு சைகை தப்பினால் ஆள் போய்விடும் என்று முப்பது வருஷம் பொறுமையாக நின்ற மனுஷனுக்கு இதெல்லாம் பழகிய வேலைதான். அந்தப் பொறுமையில் ஒரு கைப்பிடியைக்கூட அவர் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் சாயங்காலம் பொறை முதல் சைகைக்கே உட்கார்ந்தது. சைமன் குனிந்து அதன் காதோரம், குரலை எங்கிருந்தோ தேடி எடுத்து, “சபாஷ்டா ராஜா” என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அடுப்படியில் நின்ற சாண்ட்ரா வெளியே வந்து கரண்டியோடு நின்றாள்.

“அந்த வார்த்த உனக்குத் தெரியுமாப்பா?” என்று கேட்டாள்.

அவர் டப்பா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார். நாலு நாள் கழித்து மீன் குழம்பு சாப்பிடும்போது, குழம்பு நல்லா கீது என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். “நாய்க்கும் இத்தத்தானே சொல்றே” என்றாள் அவள். ஆனாலும் இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

அம்மு எப்போது கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள் என்று சொல்ல முடியாது. முதலில் கதவோரம், பிறகு கட்டில் ஓரம், ஒருநாள் அவர் தோளுக்குப் பக்கத்தில். அவளது முதல் பேச்சே அதட்டல்தான். “தாத்தா, சீக்கிரம் குடு. ரெண்டு எண்றதுக்குள்ள குடுக்கணும். நீ நாலு எண்றே.” சைமன் டப்பாவை அவள் கையிலேயே கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் தாத்தா வா, தாத்தா போ, தாத்தா உனக்கு ஒண்ணும் தெரியல என்று வீடு முழுக்க அவள் குரல்தான். ராத்திரிச் சோற்றை அவர் எதிரிலேயே உட்கார்ந்து தின்றாள். சாண்ட்ரா பைகளில் மடித்தபடியே வைத்திருந்த துணிகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்து, தன் அம்மாவின் பீரோவில் அடுக்கினாள். பீரோக் கதவு கிறீச்சிட்டது சைமனுக்குக் கேட்கவில்லை, ஆனால் அவர் பார்த்தார். அன்று அவர் கோயிலில் வழக்கத்தைவிட நெடுநேரம் முழங்காலில் இருந்தார்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நானும் உங்களுக்கு வேறு கதை சொல்லிக்கொண்டிருப்பேன். மனுஷருக்குப் பெருமை வந்துவிட்டது, கண்ணுகளா. பொறை தன் கைக்கு மட்டும் வருவது போதவில்லை. இட்லிக்கடை செல்லம்மாவை நிற்கவைத்து, கையைத் தூக்கி விரலை மடக்கச் சொன்னார். பொறை ஓடிப்போய் அவள் காலடியில் உட்கார்ந்தது. அவள் ஒரு மீன் துண்டு கொடுத்தாள். தண்ணீர் கேன் போடும் பிலால், கோயிலிலிருந்து வருகிறவர்கள், போகிறவர்கள் எல்லாரும் கை தூக்கினார்கள். யார் தூக்கினாலும் பொறை பறந்து வந்தது. சந்தே கைதட்டியது.

வேலப்பனுக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. “மாமே, கப்பல்ல இன்னா சொல்லுவோம்? நில்லுன்னு எவன் வேணா காட்லாம், நிக்கணும். வான்னு ஒரே ஆள்தானே காட்டணும்? நாலு பேர் கையப் பாத்து நான் கிரேன் ஓட்டிகினு இருந்தேன்னா எத்தினி பேர் செத்திருப்பான்? நீயே இப்டி பயக்கறியே” என்றார்.

அது கிரேன், இது நாய் என்று சைமன் சிரித்தார். அந்தச் சட்டத்தை அந்தத் துறைமுகத்தில் அவரைவிடச் சுத்தமாகக் கடைப்பிடித்தவர் யாரும் இல்லை. கேட்டைத் தாண்டி வந்தால் அது செல்லாது என்று நினைத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை, காலை பத்து மணி. சாண்ட்ராவுக்கு அன்று லீவு. மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அவள் நின்ற இடத்திலிருந்து சந்தின் வாயும் பெரிய சாலையும் தெரியும். சைமன் சந்தின் வாயில் பொறையின் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அம்முவைப் பத்தடி தள்ளி நிறுத்தி, பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தார். நடுவில் வேலப்பன் வந்து ஏதோ கேட்க, காது கேட்கும் பக்கத்தை அவருக்குக் காட்டித் திரும்பி நின்றார்.

எதிர்ச் சாரியில் ஒரு சரக்கு கோடவுன். அதன் கேட்டுக்குள் நீள டிரெய்லர் ஒன்று பின்னால் வந்துகொண்டிருந்தது. பின்புறம், கேட் தூண் பக்கமாக நின்ற கிளீனர், லாரி பின்னால் வரக் கையை உயர்த்தி, உள்ளங்கையைத் தன் பக்கம் திருப்பி, விரல்களை மடக்கி மடக்கி இழுத்தான். வா, வா, வா.

பொறை பார்த்தது. இரண்டு மாதமாகப் படித்த பாடம். அம்புபோலக் கிளம்பிச் சாலையைக் கடந்து அவனிடம் ஓடியது. அம்மு அதன் பின்னால் ஓடினாள்.

டிரைவருக்குக் கண்ணாடியில் தெரிந்தது கிளீனரின் கை மட்டும்தான். கிளீனர் பார்த்துக்கொண்டிருந்தது தூண் பக்கத்துச் சக்கரத்தை. நாயைச் சுற்றிப் பிடிக்க ஓடிய குழந்தை மறுபக்கத்தில், பின் சக்கரங்களுக்கும் சுவருக்கும் நடுவே போய்விட்டாள். மாடியிலிருந்து சாண்ட்ரா கத்தியது சைமனுக்குக் கேட்கவில்லை. வேலப்பன் தோளைப் பிடித்துத் திருப்பிய பிறகுதான் பார்த்தார்.

விரித்த கையை நீட்டியபடி ஓடினார். நில், நில் என்று முப்பத்திரண்டு வருஷம் சொன்ன கை. யார் காட்டினாலும் நிற்க வேண்டிய சைகை. பார்க்க ஒருவரும் இல்லை. அறுபத்துநாலு வயசுக் கால்கள் எப்படி ஓடினவோ தெரியாது, சக்கரத்தின் முன்னால் பாய்ந்து அம்முவின் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு சுவரில் போய் மோதினார். குழந்தையின் ஒரு செருப்பு சக்கரத்துக்கு அடியில் நசுங்கியது. கிளீனர் அப்போதுதான் பார்த்து வண்டியின் பக்கத்தைப் படபடவென்று தட்ட, டிரெய்லர் பெருமூச்சு விட்டு நின்றது.

பொறை கிளீனரின் எதிரே, பழக்கிய மாதிரியே உட்கார்ந்திருந்தது. ஒரு கீறல் இல்லை. வாலால் புழுதியைப் பெருக்கிக்கொண்டு, மீன் எப்போது வரும் என்று அவன் கையையே பார்த்தது.

சைமன் குழந்தையைத் தன் எதிரே நிறுத்தினார். கை, கால், தலை எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். எல்லாம் இருந்தது. போன மூச்சு அவருக்குத் திரும்பி வந்தது. அந்த மூச்சோடு கையும் வந்தது. அம்முவின் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை.

ஒன்றே ஒன்றுதான். சாலையின் இரைச்சலில் அதன் சத்தம்கூட யாருக்கும் கேட்டிருக்காது. அம்மு அழவில்லை. கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

சாண்ட்ரா மாடியிலிருந்து இறங்கி வந்தாள். குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவைப் பார்க்காமல் வீட்டுக்குள் போனாள். பொறை பின்னாலேயே போயிற்று. சந்தில் கூட்டம் கூடிவிட்டது. எல்லாரும் சைமன் பக்கம்தான். குழந்தையை எமன் வாயிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த மனுஷன், பதற்றத்தில் ஒரு தட்டு தட்டினால் குற்றமா என்றார்கள். வேலப்பன் வாசலில் நின்று, “பொண்ணே, உங்கப்பன் மட்டும் இல்லன்னா இன்னிக்கி நீ இன்னா பண்ணிகினு இருப்பே, யோசி” என்றார்.

“தெரியும் மாமா. மேலேர்ந்து எல்லாத்தையும் பாத்துகினுதான் இருந்தேன்” என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

அப்போதுகூட அவள் ஒரு முடிவுக்கு வந்திருக்கவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும். கட்டிலில் குழந்தையை உட்காரவைத்து, கன்னத்தில் ஈரத்துணியை ஒற்றிக்கொண்டிருந்தாள். ஒரு தடவைதானே, உயிரைக் காப்பாற்றிய கைதானே என்று அவள் மனசும் பேசிக்கொண்டுதான் இருந்தது. சைமன் நிலைப்படியில் நின்றார். அப்போது அம்மு தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“தாத்தாவ திட்டாதம்மா. நான்தான் தப்பு பண்ணேன். நான் ஓடியிருக்கக் கூடாது. அதான் அடிச்சாரு.”

சாண்ட்ராவின் கையில் துணி அப்படியே நின்றது. பிறகு எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, அடுக்கிய துணிகளை எடுக்க ஆரம்பித்தாள்.

“பயந்துட்டேன் சாண்ட்ரா” என்றார் சைமன்.

“எனக்கும்தான் உசுரு போயிடுச்சி. நான் அவள அடிக்கலையேப்பா.”

“அவ உசுர நான்தானே...”

“ஆமா. நீதான் காப்பாத்தினே. அதுக்கு நான் சாவற வரைக்கும் உன்ன கும்பிடுவேன். ஆனா அது வேற, இது வேற. அதக் காட்டி இத இல்லன்னு சொல்ல முடியாது.” அவள் குரல் உயரவில்லை. துணியை மடித்துக்கொண்டே பேசினாள். “அவ இன்னா சொன்னான்னு கேட்டியா? நானும் அதத்தான் சொல்லுவேன். நீ பெல்ட்ட எடுத்த அன்னிக்கெல்லாம், அம்மா வந்து மருந்து போடுவாங்க. நான்தான்மா தப்பு பண்ணேன்னு சொல்லுவேன். ஜெரி என்ன மொதோ தபா அடிச்சப்பவும் அதத்தான் சொன்னேன். ஆறு வருசம் சொல்லிகினே இருந்தேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா, நீ இன்னா தப்பு பண்ணேன்னு நீ கேப்பேன்னு தெரியும்.”

சைமனுக்குப் பாதிக் காதுதான். அன்று ஒரு வார்த்தை தப்பவில்லை. ஜெரி சாண்ட்ராவையும் அடித்தான் என்பது அவருக்கு அப்போதுதான் தெரியும். என்ன தப்பு பண்ணினாய் என்று கேட்டிருப்பாரா? கேட்டிருப்பார். அதுவும் அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

பொறை கட்டில் காலடியில் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் காரணமான குட்டி. இரண்டு மாதத்தில் அதன் மேல் ஒரு தடவைகூட அவர் கை படவில்லை. இன்றைக்கும், சாலையில், அதை அடிக்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. அந்த நாயைத் தாண்டிப் போய்க் குழந்தையைத் தேடியிருக்கிறது கை. நாயிடம் எப்படி நடந்துகொள்வது என்று மட்டும்தான் அது கற்றுக்கொண்டிருந்தது.

சாண்ட்ரா தன்னோடு வேலை செய்யும் ஜூடிக்குப் போன் செய்தாள். திருவொற்றியூரில் அவள் வீட்டு மாடியில் ஓர் அறை காலியாக இருந்தது. நாயும் வரலாம் என்றாள் ஜூடி. மத்தியானத்துக்குள் ஆட்டோ வந்தது.

சைமன் தடுக்கவில்லை. பைகளைத் தானே தூக்கி வைத்தார். பிறகு இடுப்பிலிருந்த டப்பாவை எடுத்து அம்முவிடம் நீட்டினார். உப்பு போடக் கூடாது, முள்ளை நன்றாகப் பார்த்து எடுக்க வேண்டும், ஒரு வேளைக்குப் பத்துதான் என்று சொன்னார். இத்தனை நாள், குடு தாத்தா, உனக்கு ஒண்ணும் தெரியல தாத்தா என்று பிடுங்கிய பெண், இரண்டு கையையும் நீட்டி டப்பாவை வாங்கிக்கொண்டு, “சரிங்க தாத்தா” என்றாள்.

அந்த ‘சரிங்க’ அவரை எங்கே குத்தியது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சாண்ட்ரா கல்நெஞ்சக்காரி இல்லை, கண்ணுகளா. உறவை அறுத்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து திருவொற்றியூருக்கு வரலாம், ஒரு மணி நேரம் இருக்கலாம், தான் கூடவே இருப்பேன் என்று சொல்லியனுப்பினாள். சைமன் ஒரு வாரமும் தவறியதில்லை. பஸ் பிடித்துப் போவார். மாடிப்படியின் கீழே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்காரவைப்பார்கள். பொறை இப்போது பெரிசாகிவிட்டது. சாண்ட்ரா அதைப் புதிதாகப் பழக்கியிருக்கிறாள். பெயர் சொல்லி அவளோ அம்முவோ கூப்பிட்டால்தான் வரும், மற்றவர் கையைக் காட்டினால் அசையாது. அவர் மறந்த சட்டத்தை மகள் சரியாக வைத்திருக்கிறாள்.

மழை பெய்து ஓய்ந்த ஒரு ஞாயிறு. சைமன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். சாண்ட்ரா எழுவதற்குள் அம்மு ஓடினாள். நிரம்ப நிரம்ப டம்ளரைக் கொண்டுவந்தாள். ஈரப்படியில் கால் சற்று வழுக்க, பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. அம்மு தரையைப் பார்க்கவில்லை, டம்ளரைப் பார்க்கவில்லை. சட்டென்று சைமனின் முகத்தைப் பார்த்தாள். அது எப்படி இருக்கிறது, என்ன வரப்போகிறது என்று அளந்து பார்க்கிற பார்வை.

அந்தப் பார்வை அவருக்குத் தெரியும். சாண்ட்ரா ஏழு வயசில், பத்து வயசில், பன்னிரண்டு வயசில், தட்டு விழுந்தால், கதவு அடித்துக்கொண்டால், பேனா மை கொட்டினால், இதே மாதிரிதான் முதலில் அவர் முகத்தைப் பார்ப்பாள். பெண் எவ்வளவு அடக்கம், அப்பனிடம் எவ்வளவு மரியாதை என்று நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறார்.

“பரவால்ல கண்ணு” என்றார். அவருக்கு இப்போது மெதுவாகப் பேச வருகிறது. அம்மு சிரித்தாள். அவர் சிரித்த பிறகுதான் சிரித்தாள். சாண்ட்ரா துணி எடுத்துவந்து தரையைத் துடைத்தாள். மணி பன்னிரண்டு ஆனது. சைமன் எழுந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார்.

அவ்வளவுதான். போய் வாருங்கள் என் செல்லங்களே, பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமல் இருக்கட்டும். சாலையில் போன பிள்ளைகள் முழுசாகத் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டில் தண்ணீர் சிந்தட்டும், பால் பொங்கி வழியட்டும், தட்டு விழுந்து உடையட்டும். சிந்தின குழந்தை துடைக்கத் துணியைத் தேடட்டும். உங்கள் முகத்தைத் தேட வேண்டாம்.